காஞ்சிப் பட்டுத்தறியும் நம் சிறார்களும்

மணிமேகலை காஞ்சிமாநகர் புக்கு, வற்கடத்தால் வாடிய மக்களின் பசிப்பிணியை அமுதசுரபி கொண்டு தீர்த்தனள் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். அப்பாத்திரத்தை அவளுக்கு முன்னர்ப் பெற்றிருந்தவன் யாவன் எனச் சிந்திப்பார் சிலரே. ஈன்ற தாயாற் கைவிடப்பட்டு, ஏழுநாள் ஆவினாற் பாலூட்டப்பெற்று, பிறர் மனையில் வளர்ந்த ஆபுத்திரனே அவன். ஆதரவற்ற மகவொன்றைக் காத்ததன் பயன் பின்னர் ஒரு நகரத்தையே காத்தது. அந்நகரத்தில் தறியே வாழ்வாகக் கொண்ட நாம் நம் சிறார்களைக் காத்த வகை யாது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காஞ்சிச் சேலையின் பெருமை கோர்வையில் உள்ளது. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் இழையோடு இழை கோத்துப் பிணைத்தலே கோர்வையாம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவரால் அஃது எளிதில் இயலாது. பக்கத்தமர்ந்து கரைநாடாவை எறிய மற்றொருவர் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் சிறுவரே அமர்த்தப்பட்டனர். தம் பிள்ளையாயின் அது தொழிற்பயிற்சி எனப்பட்டது. பிறர் பிள்ளையாயின், பெற்றோர் வாங்கிய முன்பணம் அவனைத் தறியோடு பிணித்தது. நோய்க்கும், திருமணத்திற்கும், மழையால் தறி நின்ற நாட்களுக்கும் வாங்கிய கடன் கூலியிற் கழியவில்லை; பிள்ளையின் பள்ளிப்பருவமே கழிந்தது.

கடனே நோயின் வேர் என்பதை நம்மூர் முன்னரே உணர்ந்திருந்தது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் பதிவானது இக்காஞ்சியிலேயாம். ஆயினும் அவ்வுதவி ஒவ்வொரு தறிவீட்டையும் எட்டவில்லை.

1931-இல் ராயல் தொழிற் கமிஷன், பிள்ளைகளின் உழைப்பை அடகுவைக்கும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் உண்டென அறிவித்தது. அதன்மேல் 1933-ஆம் ஆண்டுச் சட்டம், பதினைந்து வயதுக்குட்பட்டாரை அடகுவைக்கும் ஒப்பந்தம் செல்லாதெனக் கூறிற்று. பெற்றோர்க்கு 50 ரூபாய் வரையும், வேலை வாங்குவோர்க்கு 200 ரூபாய் வரையும் அபராதம். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அதற்குரிய கடன்களையும் நீக்கிற்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டமோ குடும்பத்தார் துணைகொண்டு நடத்தும் தொழிலகத்திற்கு விலக்களித்தது. நம் தறிகள் பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளன. ஆதலின் அவ்விலக்குப் பலர்க்கு மறைவிடமாயிற்று. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் ஸ்தாபனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சித் தறிகளில் முன்பணத்துக்குப் பிணைப்பட்ட சிறாரை உலகறியக் காட்டிற்று. அது நமக்குப் பெருமையன்று.

அறத்தின் பக்கமும் கூறவேண்டும். 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில், மீட்கப்பெற்ற சிறார்க்குக் கல்வியோடு உணவும் உதவித்தொகையும் மருத்துவப் பரிசோதனையும் கிடைத்தன. 2021-இல் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டது. 1956-இல் காமராசர் பரப்பிய மதிய உணவும், 2022-இல் வந்த காலை உணவும், பசியாற் பிள்ளையைத் தறிக்கனுப்பும் வீட்டிற்கு ஊன்றுகோலாயின.

இவற்றால் நாம் அறிவதென்னை? பிள்ளையை மட்டும் மீட்டுக் குடும்பத்தைக் கடனில் விடுதல், கிணற்றில் வீழ்ந்தவனைப் பாதிவரை தூக்கிக் கயிற்றை விடுவதையொக்கும். அதட்டலுக்கும் அடிக்கும் அஞ்சி வளர்ந்த சிறுவன் வகுப்பில் வாய்திறவான். அவனை மந்தனென்று இகழாது, உடற்கு மருத்துவரையும் உள்ளத்திற்கு ஆலோசகரையும் நாடல் வேண்டும். மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. அவற்றை நாடுதல் குலத்திற்கு இழுக்கன்று.

முன்பணம் கொடுப்பாரும் வாங்குவாரும் நம் சங்கத்திலேயே உளர். ஆதலின் இருசாராரையும் வேண்டுகின்றேன்: கொடுப்போர் பிள்ளையின் உழைப்பை ஈடாகக் கேளாதிருப்பாராக, வாங்குவோர் அதனை ஈடாகத் தாராதிருப்பாராக. நோய்க்கும் மழைக்காலத்திற்கும் உதவச் சங்கம் சிறு நிதியொன்று திரட்டுமாக. கரையும் உடலும் பிரியாது நிற்பதன்றோ கோர்வை! வலியவரும் மெலியவரும் அங்ஙனம் இணைந்து நிற்பதே சங்கமாம்.