நினைவு நாணயங்கள் சொல்லும் உணவு வரலாறு

ஒரு தலைவரையோ நிகழ்வையோ கொள்கையையோ நினைவுகூர அரசு வெளியிடும் நாணயம் நினைவு நாணயம் எனப்படும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேரு மறைந்தபின் வெளியானது. 1970களில் வந்த உணவு பற்றிய நாணயங்கள் தனிச் சிறப்புடையவை. அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஒரு நாட்டின் பசியும் அச்சமும் நம்பிக்கையும் தெரியும்.

பின்னணி

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை நம்பி ரேசன் கடைகள் இயங்கின. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதியானது. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. பசுமைப் புரட்சி இவ்வாறு தொடங்கியது.

நாணயங்களின் வரிசை

ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனம் உலக நாடுகளை இத்தகைய நாணயங்கள் வெளியிட ஊக்குவித்தது. இந்திய நாணயங்களில் இடம்பெற்ற முழக்கங்களின் பொருள் வருமாறு:

1970 – அனைவருக்கும் உணவு
1973 – உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்
1974 – அளவான குடும்பம், அனைவருக்கும் உணவு
1976 – அனைவருக்கும் உணவும் வேலையும்
1978 – அனைவருக்கும் உணவும் உறைவிடமும்

1972இல் மகாராட்டிரத்தில் கடும் வறட்சி நிலவியது. அதற்கு அடுத்த ஆண்டே உற்பத்தி முழக்கம் வந்தது. 1974இல் உணவுச் சிக்கல் குடும்ப அளவோடு இணைக்கப்பட்டது. அடுத்து வந்த நெருக்கடி நிலைக் காலத்தில் பலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அதை எந்த நாணயமும் சொல்லவில்லை. நாணயம் அரசின் குரல் மட்டுமே என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

உலோகமும் ஒரு சான்று

1970இன் 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடை கொண்டது. அதில் 80 விழுக்காடு வெள்ளி. 1973இல் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்தது. 1974இல் 10 ரூபாய் செப்பு-நிக்கல் நாணயமாகிவிட்டது. ஏறிவந்த வெள்ளி விலை இதில் பதிவாகியுள்ளது.

சேகரிப்போர் கவனத்திற்கு

வெள்ளி நாணயங்கள் பெட்டியில் அடுக்கிய தொகுப்புகளாகச் சேகரிப்போரிடம் சென்றன. அதே முழக்கங்களைத் தாங்கிய 5 பைசா, 10 பைசா அலுமினிய நாணயங்கள் மக்கள் கையில் புழங்கின. 2011 சூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவையாயின. பல வீடுகளில் அவை தகரத்தோடு தகரமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

ஆண்டின் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணயச்சாலை. விண்மீன் இருந்தால் ஐதராபாத். குறி இல்லையெனில் கொல்கத்தா. நாணயத்தைப் புளியிட்டுத் தேய்க்கக் கூடாது. மேற்பரப்பு அழிந்து மதிப்பும் குறையும். பழைய பைசாவுக்கு இலட்சக்கணக்கில் பணம் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டி ஏமாற வேண்டாம்.

2010இல் சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டு நினைவாகவும் நாணயம் வெளியானது. அதனுடன் 1970இன் நாணயத்தையும் ஒரு 10 பைசாவையும் சேர்த்து வைத்தால், பசியிலிருந்து நாடு மீண்ட கதைக்கு மூன்று சான்றுகள் கிடைக்கும். வீட்டிலுள்ள பழைய டப்பாவை எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.