பெற்றோர் இடத்தில் யார்?

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், "வரலாறா இருக்கட்டும் சார், ஆனா இப்ப படிக்கிற பசங்களும் படிக்கணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவனுக்கு இதைவிடக் கடினமான நிபந்தனை வேறில்லை! ஆகவே பழைய மாணவர்களும் புதிய மாணவர்களும் ஒரே மாதிரி அனுபவித்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு அவனைக் கண்டிக்கும் உரிமை யாருக்கு?

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே" என்று பிள்ளையை ஒப்படைத்த அப்பாக்களை நம் மூத்தவர்கள் அறிவார்கள். விடுதியில் சேர்க்கும்போது அது கொஞ்சம் நாகரிகமாகி, "இனிமே நீங்கதான் சார் இவனுக்கு அப்பா" என்று ஆனது. இது வெறும் பேச்சல்ல. இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் அவர் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான். இக்கணக்கெடுப்புக்காக பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் ஒரு சுவையான செய்தி உண்டு. காலையில் முதலில் வரும் பையனுக்கு உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். கடைசியில் வந்தவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

வராத பையனை வீடு தேடிப் போய்த் தூக்கி வரச் சட்டாம்பிள்ளை இருந்தான். ஊரே ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் அது. பிள்ளை எங்கே திரிந்தாலும் யாரோ ஒருவர் கண்ணில் படுவான். சேதி வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவின் பிரம்பு வாத்தியார் கையில் இருந்தது என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இதையே சட்டமாக எழுதி வைத்தார்கள். தந்தை தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஆசிரியருக்கு ஒப்படைக்கலாம் என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765-ல் எழுதினார். 'பெற்றோர் இடத்தில் இருப்பவர்' என்ற பொருளில் 'இன் லோகோ பேரன்டிஸ்' என்று லத்தீனில் ஒரு தொடரே உண்டு. இதன் கோர முகம் 1860-ல் ஈஸ்ட்போர்ன் நகரில் வெளிப்பட்டது. ஹாப்லி என்ற பள்ளி ஆசிரியர், படிப்பு ஏறாத 15 வயது மாணவனைக் கடுமையாகத் தண்டிக்கத் தந்தையிடம் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். தந்தையும் சம்மதித்தார். ஓர் இரவு பிரம்பும் கயிறும் கொண்டு அடித்த அடியில் பையன் இறந்தே போனான். 'மிதமான, நியாயமான தண்டனைக்குத்தான் சட்டத்தில் இடம்' என்றது நீதிமன்றம். ஹாப்லிக்கு நான்கு ஆண்டு கடுங்காவல். தந்தை கொடுத்த சம்மதக் கடிதம் அவரைக் காப்பாற்றவில்லை. அப்பாவுக்கே இல்லாத அதிகாரத்தை அப்பா எப்படி இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்?

இனி கல்லூரிக்கு வருவோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி, தன் நிர்வாகத்தில் இல்லாத உணவகங்களுக்கு மாணவர்கள் போகக்கூடாது என்று தடை போட்டது. மீறிப் போன சிலரை நீக்கியும் விட்டது. எதிரே உணவகம் நடத்தி வந்த காட் என்பவர், 'என் வியாபாரமே படுத்துவிட்டது' என்று வழக்குத் தொடுத்தார். 1913-ல் தீர்ப்பு வந்தது. மாணவரின் உடல்நலம், ஒழுக்கம், கல்வி ஆகியவற்றில் கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது, ஒரு தந்தை போடக்கூடிய எந்த விதியையும் அதுவும் போடலாம் என்றார்கள். எங்கே டீ குடிக்க வேண்டும் என்பதைக்கூடக் கல்லூரி சொல்லலாம் என்றாயிற்று!

வேடிக்கை என்னவென்றால், இந்த விதியை அசைத்ததும் ஓர் உணவகம்தான். 1960 பிப்ரவரி 25-ல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த உணவகத்துக்குள் கறுப்பின மாணவர்கள் சென்று அமர்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய இடம் அது. அவர்களுக்கு உணவு தர மறுத்தார்கள். சில நாட்களில் அவர்கள் படித்த அரசுக் கல்லூரியிலிருந்து ஒன்பது பேர் நீக்கப்பட்டார்கள். என்ன குற்றம் என்று சொல்லவுமில்லை, விசாரிக்கவுமில்லை. டிக்சன் உள்ளிட்ட ஆறு மாணவர்கள் தொடுத்த வழக்கில், குற்றத்தைத் தெரிவித்து அவர்கள் பக்கத்தையும் கேட்காமல் அரசுக் கல்லூரி மாணவரை நீக்க முடியாது என்று 1961-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பா காரணம் சொல்லாமல் திட்டலாம், கல்லூரி காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் சட்டத்தில் பதிந்தது.

நம் நாட்டில் 1875-ஆம் ஆண்டு சட்டப்படியே 18 வயது நிறைந்தவர் மேஜர். ஓட்டுரிமை வயதும் 1989-ல் 21-லிருந்து 18 ஆனது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. 2019-ல் கேரளத்தில் ஒரு பெண்கள் விடுதி மாலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை செல்போனுக்குத் தடை போட்டது. மறுத்த மாணவி விடுதியை விட்டு அனுப்பப்பட்டார். பெற்றோர் விருப்பப்படிதான் செய்தோம் என்ற வாதம் உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மாணவியைத் திரும்பச் சேர்க்க உத்தரவாயிற்று.

அப்படியானால் யாரும் யாரையும் கவனிக்க வேண்டாமா? 1996-ல் ராகிங் கொடுமையில் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் உயிரிழந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. அதன் விளைவாக 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. யாருடைய கண்ணும் படாத இடத்தில் நடந்த கொடுமை அது. வார்டன் கேட்டைப் பூட்டுவதில் காட்டும் அக்கறையை அறைக்குள் அழுகிற பையனிடம் காட்டியிருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும்!

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பெற்றோர் ஒப்படைத்தது இரண்டு: ஒன்று பிரம்பு, மற்றொன்று கவலை. இருநூறு ஆண்டுகளாகச் சட்டம் பிரம்பை ஒவ்வொரு கையிலிருந்தும் வாங்கி வைத்திருக்கிறது. கவலையை யாரிடமிருந்தும் வாங்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பையன்கள் நள்ளிரவில் எங்கே போகிறார்கள் என்று கேட்காத விடுதி, பிரம்பை வைத்துக்கொண்டு கவலையைத் தொலைத்த விடுதிதான்.

பழைய மாணவர்களே, நம்மில் பலர் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டோம். பிள்ளை எங்கே போனான் என்று கேட்பது தப்பில்லை. ஏன் போனான் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மான்ட்கோமரிப் பிள்ளைகள் போனது நல்ல காரியத்துக்கு! இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, இனி உங்களுக்குச் சட்டாம்பிள்ளை நீங்கள்தான். பக்கத்து அறைப் பையன் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்றால், கதவைத் தட்டிப் பாருங்கள்.