மலைப் பாதையும் மோட்டார் சைக்கிளும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் மயிலாப்பூர் வீதியில் ஒரு பெருஞ் சத்தம் கேட்டது. மார்கழி மாதமாயிருந்தால் பஜனைக் கோஷ்டி என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்திருப்பேன். மார்கழிக்கு இன்னும் நாள் இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன். ஏழு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தலைக்கவசமும் தோல் சட்டையுமாக ஏழெட்டு இளைஞர்கள், யுத்தத்துக்குப் புறப்படும் வீரர்களைப் போல், மூட்டை முடிச்சுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் எதிர் வீட்டுப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"தூக்கத்தைக் கெடுத்துட்டோமா தாத்தா? மன்னிச்சுக்குங்க. ஊட்டிக்குக் கிளம்பறோம். அடையாறிலேருந்து மூணு பேர், தி. நகரிலேருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க."

"மலைப் பாதையெல்லாம் பழக்கமுண்டா அப்பா?"

"கோத்தகிரி வழியா ஏறி, குன்னூர் வழியா இறங்கப் போறோம். எல்லாம் படிச்சு வச்சிருக்கேன். சல்லிவன் துரை போட்ட ரோடு."

"சல்லிவன் துரை கடப்பாரை பிடித்தாரா?" என்று கேட்டேன்.

பையன் சிரித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஏழு வண்டிகளும் மாட வீதியைச் சுற்றிக்கொண்டு மறைந்தன. எனக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை. அவனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் இப்போது வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

*

முதலில் வண்டியின் கதை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ராயல் என்ஃபீல்டு கம்பெனி அந்த ஊரில் 1901-ம் ஆண்டில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அந்தக் கம்பெனி துப்பாக்கிக்கு உதிரிப் பாகங்களும் செய்து கொடுத்து வந்ததால், பீரங்கியை முத்திரையாக வைத்துக்கொண்டது. 1932-ல் ஒரு வண்டிக்கு 'புல்லட்' என்று பெயர் சூட்டினார்கள். துப்பாக்கி இருந்தால் குண்டும் இருக்கவேண்டியதுதானே? ஆனால் நம் ஊர்க்காரர்கள் அறிந்த புல்லட் அதுவல்ல. யுத்தம் முடிந்த பிறகு, 1949-ல் விற்பனைக்கு வந்த 350 ஸி.ஸி. புல்லட்தான் நம்முடையது. அதன் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்து, மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவனுடைய முதுகெலும்பைக் காப்பாற்றியிருந்தார்கள்.

சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியார் அந்த வண்டிகளை வரவழைத்து விற்று வந்தார்கள். தேசம் பிரிவினையாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. புதிதாக ஏற்பட்ட எல்லைகளில் ரோந்து சுற்றுவதற்கு ராணுவத்துக்கு நல்ல மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. ராணுவத்தார் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்டர் பெரிதாக வரவே, கப்பலில் கொண்டுவந்து கட்டுபடியாகாது என்று தோன்றியது. 1955-ல் ரெட்டிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைக்கு அவர்கள் பிடித்த இடம் திருவொற்றியூர்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். திருவொற்றியூர் பட்டினத்தார் அடங்கிய இடம். கப்பல் கப்பலாக வியாபாரம் செய்த மனிதர் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து சமாதியான கடற்கரை அது. அதே ஊரிலிருந்துதான் இந்தியாவின் இளைஞர்களுக்கெல்லாம் ஓர் ஆசை உற்பத்தியாகி வெளியே வந்தது!

ஆரம்பத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்து, இங்கே பூட்டப்பட்டன. 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் தயாராயின. பிறகு அச்சுகளும் யந்திரங்களும் இங்கேயே வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பாகமாக நம்மவர்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. சில வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் செய்வதே நின்று போயிற்று. 1977-ல் சென்னைக்காரர்கள் புல்லட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். மகன் தகப்பனுக்குச் சாப்பாடு போட்ட கதைதான்.

புல்லட்டைக் கிளப்புவது அந்தக் காலத்தில் ஒரு சடங்கு. கைப்பிடி அருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு மெதுவாக மிதிக்கவேண்டும். விளக்கின் மேல் உள்ள மீட்டரில் முள் நடுவே வந்து நிற்கும்போது காலை எடுத்து, நெம்புகோலை விட்டு, ஒரே உதை. சரியாக உதைத்தால் வண்டி பேசும். தவறாக உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும்! அப்படி உதை வாங்கி நொண்டி நடந்தவர்களை மயிலாப்பூரிலேயே நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கிளம்பிவிட்டால் எந்த மேட்டிலும் அதற்குப் பயமில்லை. காரணம், அதன் பிஸ்டன் நீளமாக ஓடும். வேகம் அதிகமில்லை, இழுக்கும் சக்தி அதிகம். வண்டி மாட்டுக்கு உள்ள குணம் அது.

*

இனி, மலையின் கதை.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ம் ஆண்டு ஜனவரியில் நீலகிரி மீது ஏறினார். அதற்கு முந்தைய வருஷம் அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் போய்வந்து, மேலே கொளுத்தும் வெயில் கிடையாது, சீமைக் குளிர் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சல்லிவன் மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தோடர்களும் படகர்களும் கோத்தர்களும் குறும்பர்களும் இருளர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படித்தும் படிக்காமல் விட்டோம். அவர்களுடைய ஒற்றையடிப் பாதைகள் இல்லாவிட்டால் துரைமார் எப்படி ஏறியிருப்பார்கள்?

சல்லிவன் கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி என்னும் இடத்தில் தங்கினார். சர்க்காருக்கு எழுதி, அடிவாரத்துச் சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு ஒரு பாதை போட அனுமதி வாங்கினார். வேலை 1821-ல் ஆரம்பமாகி 1823-ல் முடிந்தது. இன்று மோட்டார் போகும் கோத்தகிரிச் சாலை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறது. அது வேறு தடம், பிற்காலத்தில் போட்டது. ஆனால் நீலகிரிக்குச் சென்ற சாலைகளுக்கெல்லாம் மூத்தது அந்தச் சிறுமுகைப் பாதைதான்.

அதை வெட்டியவர்கள் யார்? கைதிகள். ஜெயிலில் கிடந்தவர்களைக் கொண்டுவந்து, பாறையை உடைக்கச் சொன்னார்கள். மலையடிவாரம் அப்போது விஷ ஜுரத்துக்குப் பெயர் போனது. துரைமார் ஜுரத்துக்குப் பயந்து அந்தக் காட்டை வேகமாகக் கடந்து, மேலே போய் மூச்சு விடுவார்கள். பாதை வெட்டுகிறவன் எப்படி வேகமாகக் கடப்பான்? அவனுக்கு அந்தக் காட்டிலேதான் வேலை.

1826-ல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ உதகமண்டலத்துக்கு விஜயம் செய்தார். அதற்குப் பின் வந்த லஷிங்டன் கவர்னருக்கு மலையின் மேல் ஒரே மோகம். அவருடைய காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், லெ ஹார்டி என்னும் ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் பயனியர் படையினர் குன்னூர்க் கணவாய்ப் பாதையை வெட்டினார்கள். அதுவும் செங்குத்தாக இருந்ததால், வண்டி போவதற்கென்று வளைந்து வளைந்து செல்லும் புதிய சாலை பின்னால் வந்தது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் ரயில் வந்தது. அதுவரையில் கனவான்கள் மஞ்சலிலும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் போனார்கள். மஞ்சலில் போனார்கள் என்றால், அவர்களைத் தோளில் சுமந்து சிலர் நடந்தார்கள் என்று அர்த்தம்.

சல்லிவன், மன்றோ, லஷிங்டன், லெ ஹார்டி: பெயர்களெல்லாம் சரித்திரத்தில் இருக்கின்றன. பாறையை உடைத்த ஒருவனுடைய பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இது என்னை இவ்வளவு உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு.

*

1972-ம் வருஷம் நாங்கள் நாலு சிநேகிதர்கள் மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஊட்டிக்குப் போனோம். நான் மயிலாப்பூர், புல்லட்டுக்காரரான அடையாற்று நண்பரின் பின்னால் உட்கார்ந்தவன். இன்னொரு மயிலாப்பூர் நண்பரிடம் மற்றொரு புல்லட். தியாகராய நகர் நண்பர் பாங்கில் குமாஸ்தா. அவரிடம் இருந்தது மைசூரில் செய்த ஜாவா. பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புளியோதரைப் பொட்டலங்களோடு புறப்பட்டோம். தோல் சட்டை ஏது? அப்பாக்களின் ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாய்களுந்தான் எங்கள் கவசம்.

சேலத்தில் ஒரு ராத்திரி, மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி. மலை ஏறும்போது எங்களைப் போன்ற பாக்கியசாலிகள் உலகத்தில் இல்லை என்று நினைத்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குளிர் ஒரு பிடி அதிகமாகும். பாக்குத் தோப்புகள் கீழே போய், தேயிலைத் தோட்டங்கள் வரும். பேசினால் காது அடைத்திருக்கும். ஆகையால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனோம்.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து வந்தது. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது பழைய டிரைவர்களின் சாஸ்திரம். அப்போது யந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். புல்லட்டில் இந்தப் பிடிப்பு நன்றாக இருக்கும். ஜாவா போன்ற இரண்டு வீச்சு யந்திரத்தில் பிடிப்புக் குறைவு. அந்தக் குறைவையும் எங்கள் தியாகராய நகர் நண்பர் வேண்டாமென்று தள்ளிவிட்டார். பாங்கில் வேலை பார்க்கிறவர் அல்லவா? பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக யந்திரத்தை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தார்! பிரேக் சூடேறிச் சூடேறி, பர்லியாறுக்குச் சற்று மேலே ஒரு வளைவில் பிடிக்காமல் போயிற்று. எங்கள் கண் முன்னால் அவரும் வண்டியும் பாதையோரத்துச் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தார்கள். வலது பக்கம் விழுந்திருந்தால், இந்தக் கட்டுரையின் இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை வந்திராது.

நாங்கள் மூன்று பேரும் செய்வதறியாமல் நின்றோம். சற்றுத் தூரத்தில் இரண்டு மூன்று பேர் பாதை ஓரத்துக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் பள்ளத்தில் இறங்கி, நண்பரின் காலைத் தொட்டுப் பார்த்து, "எலும்பு முறிஞ்சிருக்கு, அசைக்காதீங்க" என்றார். தம் தலைமுண்டாசை அவிழ்த்து, இரண்டு கட்டைகளை வைத்துக் காலைக் கட்டினார். பாதையின் நடுவே நின்று, இறங்கி வந்த ஒரு லாரியை மறித்து, நண்பரை ஏற்றிவிட்டார். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் நடந்துவிட்டது. நாங்கள் லாரியின் பின்னால் மேட்டுப்பாளையத்துக்குப் பறந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவு வந்தது: அந்த மனிதருடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை. முண்டாசையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடையாற்று நண்பரும் நானும் பஸ்ஸில் போய்த் தேடினோம். அந்த இடத்தில் வேலை முடிந்து, கூட்டம் வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது. பெயர் தெரியாத மனிதரை என்ன சொல்லி விசாரிப்பது? தியாகராய நகர் நண்பர் கால் சற்றுத் தாங்கியபடியே பாங்கில் மானேஜராகி, ஓய்வு பெற்று, சில வருஷங்களுக்கு முன்பு காலமானார். பனகல் பார்க்கில் எப்போது சந்தித்தாலும், "பேரைக் கேட்காமல் வந்துவிட்டோமேடா" என்பார். அந்த முண்டாசுத் துணியை அவருடைய தாயார் துவைத்து, கடைசி வரையில் பீரோவில் வைத்திருந்தாள்.

*

இன்று இளைஞர்கள் நீலகிரியோடு நிற்பதில்லை. 1997-ல் 40 பேர் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் லடாக்கிலுள்ள கார்துங் லா கணவாய்க்குப் போய் வந்தார்கள். அதன் பிறகு இமயமலைக்கு வண்டியில் போவது, காசிக்குப் போவது மாதிரி ஒரு யாத்திரையாகவே ஆகிவிட்டது. கார்துங் லாவில் 18,380 அடி என்று வெகு காலம் பலகை வைத்திருந்தார்கள். பிற்பாடு அளந்து பார்த்தவர்கள் சுமார் 17,600 அடிதான் என்றார்கள். எண்ணூறு அடி குறைந்ததற்காக அங்கே யாருக்கும் குளிர் குறையவில்லை! அந்தப் பாதைகளைக் காப்பவர்கள் 1960-ல் ஏற்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பினர். பீகார், ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்து போன தொழிலாளர்கள், மூச்சு வாங்கும் உயரத்தில், பனியை வாரிக் கல்லை உடைக்கிறார்கள். கணவாயின் உச்சியில் நின்று எடுக்கும் புகைப்படத்தில் வண்டி விழுகிறது, பலகை விழுகிறது, அவர்கள் விழுவதில்லை.

எதிர் வீட்டுப் பையன் புதன்கிழமை இரவு ஊர் திரும்பினான். மறுநாள் ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கியோடு வந்தான்.

"தாத்தா, சல்லிவன் துரை கடப்பாரை பிடிச்சாரான்னு கேட்டீங்களே, வழியெல்லாம் அதே ஞாபகம். குன்னூர்லேருந்து இறங்கறப்போ ஒரு இடத்தில மண் சரிஞ்சிருந்தது. அரை மணி நின்னோம். அங்கே மண்ணை அள்ளிக்கிட்டிருந்த ஒரு அம்மாகிட்டே பேரைக் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொன்னாளா?" என்றேன்.

"'என் பேரு உனக்கு எதுக்கு தம்பி? வளைவு இருக்கு, பாத்து மெதுவாப் போ' அப்படின்னாங்க."

வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் அவனை உட்காரச் சொல்லி, 1972-ம் வருஷத்துக் கதையைச் சொன்னேன்.