ஹஜ் பயணம்: கப்பலும் விமானமும்

நம் முன்னோர் மும்பை சென்று கப்பலேறி, ஒரு வாரத்திற்கும் மேலாகக் கடலில் பயணித்தே ஜித்தாவை அடைந்தனர். யலம்லம் எல்லை நெருங்குமுன் நிதானமாகக் குளித்து இஹ்ராம் அணிய அவர்களுக்கு அவகாசம் இருந்தது. 1995ஆம் ஆண்டுடன் அக்கப்பல் பயணம் நின்றுபோனது.

இன்று சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையிலான சுமார் 4,400 கிலோமீட்டர் வான்வழித் தொலைவை விமானம் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் கடக்கிறது. எனினும், நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த மீக்காத் எல்லைகள் என்றும் மாறாதவை. நிமிடத்திற்குச் சுமார் 15 கிலோமீட்டர் விரையும் விமானத்தில், சற்றுக் கண்ணயர்ந்தாலும் எல்லை கடந்துவிடும்.

ஆகவே, ஜித்தா வழியே நேராக மக்கா செல்லும் நாம், புறப்படுமுன்பே இஹ்ராமுக்கு ஆயத்தமாகி, எல்லைக்கு முன்னரே நிய்யத் செய்து தல்பியா முழங்குவோம். அல்லாஹ் நம் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.