நவாயத்: அருகிப்போன ஒரு குடும்பப் பெயர்

 

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் பேசி முடிக்கப்பட்ட ஒரு திருமணத்திற்காக மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர் ஜமாஅத்தின் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தனர். அதில் மணமகனின் பாட்டனார் பெயரை அடுத்து "நவாயத்" என்றொரு சொல் காணப்பட்டது. பெண்ணின் பெரிய தகப்பனார் அச்சொல்லின்மீது விரலை வைத்து, "ஹஜ்ரத், லெப்பை தெரியும், ராவுத்தர் தெரியும், மரைக்காயர் தெரியும். இது என்ன புதுசா இருக்கு? நம்ம ஆளுங்கதானா?" என்று வினவினார். "முஸ்லிம்கள்தாம், நல்ல குடும்பத்தார்தாம்" என்று நான் சொன்ன சுருக்கமான பதில் அவருக்குப் போதவில்லை. கடிதம் மடித்து வைக்கப்பட்டது. நிக்காஹ் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. அன்று நான் நின்ற நிலையில் சொல்ல இயலாது போன நீண்ட பதிலே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இப்பெயர் நம் பகுதிக்குப் புதியதன்று. செய்யூரிலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அக்கோட்டையும் துறையும் ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலீ கானின் ஆட்சியின் கீழ் இருந்தவை. அந்த தோஸ்த் அலீ கான் ஒரு நவாயத். அவருக்கு முன் ஆண்ட சாதத்துல்லாஹ் கானும் நவாயத். ஆர்க்காட்டு நவாப் என்றவுடன் நம் மக்கள் வாலாஜா முஹம்மது அலீயையே நினைக்கின்றனர். அவருடைய வமிசம் ஆர்க்காட்டு ஆட்சிக்கு வருவதற்கு முன், ஏறத்தாழ 1710 முதல் 1744 வரை, இந்நாட்டை ஆண்டவர்கள் நவாயத் குடும்பத்தாரே.

இப்பெயரின் பொருள் குறித்துப் பல கருத்துகள் உண்டு. பாரசீகத்தில் "நவ்" என்றால் புதிய; "ஆமதன்" என்னும் வினையின் ஒரு வடிவம் "ஆயத்", அதாவது வருகிறான். ஆகவே இது "புதிதாய் வந்தவர்" என்று பொருள்படும் என்பது ஒரு விளக்கம். அரபு மூலத்தைக் கூறுவோர் "நாயித்" என்ற கோத்திரப் பெயரே திரிந்தது என்பர். அதனால்தான் அரபு நூல்களில் இவர்கள் "நாயிதீ" என்று குறிக்கப்படுகின்றனர் என்பது அவர்தம் வாதம். கப்பலோட்டிகள் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது என்போரும் உளர். நம் தமிழில் நாவாய் என்ற சொல் இருப்பதால் இம்மூன்றாம் கருத்து நமக்கு இனிப்பாகத் தோன்றும். ஓசை ஒத்திருப்பதைக் கொண்டு மட்டும் வரலாறு எழுதலாகாது என்பது என் எண்ணம். மூன்றும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன: இவர்கள் கடல் வழியாய் வந்த மக்கள்.

எப்போது வந்தனர்? கர்னல் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய வரலாறு குறித்து 1810ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தம் நூலில், நவாயத்துகள் தம்மைப் பற்றிக் கூறிவந்த கதையைப் பதிவு செய்துள்ளார். ஈராக்கின் ஆளுநராய் இருந்து ஹிஜ்ரி 95இல் (கி.பி. 714) மரணித்த ஹஜ்ஜாஜ் இப்னு யூசுபின் கொடுமைக்கு அஞ்சிச் சில குடும்பத்தார் கப்பலேறினர், ஒரு பகுதியினர் கொங்கணக் கரையில் இறங்கினர், மற்றொரு பகுதியினர் குமரிமுனைக்குக் கிழக்கே கரை சேர்ந்தனர், முன்னவரின் வழித்தோன்றல்கள் நவாயத், பின்னவரின் வழித்தோன்றல்கள் லெப்பை என்பது அக்கதை.

இவ்விடத்தில் வில்க்ஸ் சொல்லும் மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறவேண்டும். ஏனெனில் இதைப் படிப்போரில் பெரும்பாலோர் லெப்பை குடும்பத்தார். லெப்பைகள், "நாமும் நவாயத்தும் ஒரே மூலத்தினர், உள்நாட்டாருடன் மணவுறவு கொண்டதால் நிறம் மாறினோம்" என்று கூறினராம். நவாயத்துகளோ அதை மறுத்து, "இவர்கள் எம் முன்னோரின் வீட்டு அடிமைகளின் சந்ததியினர்" என்றனராம். இவ்விரு கூற்றுக்கும் ஆதாரம் எங்கே? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கப்பல் பயணத்தில் எவர் மேல்தட்டில் இருந்தார், எவர் கீழ்த்தட்டில் இருந்தார் என்று சொல்ல எவரிடமும் ஏடு இல்லை. வமிசப் பெருமை பேசுவோர் கையில் வரலாறு படும் பாடு இதுதான். நம் வீட்டுப் பெரியவர் அன்று கடிதத்தை மடித்து வைத்ததும், அன்றைய நவாயத்துகள் லெப்பைகளைத் தாழ்த்திப் பேசியதும் ஒரே நோயின் இரு முகங்களாகவே எனக்குப் படுகின்றன. மனிதர் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரா ஹுஜுராத் கற்பிப்பதை நாம் ஜும்ஆ மேடையில் கேட்கிறோம். பெண் கொடுக்கும் திண்ணையில் மறந்துவிடுகிறோம்.

கதையை விட்டு ஆதாரத்திற்கு வருவோம். இவர்களுடைய பழைய தாயகம் கன்னடக் கடற்கரை. இன்றும் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலுள்ள பட்கல் நகரமே நவாயத்துகளின் மிகப் பெரிய உறைவிடம். அங்கு அவர்கள் பேசுவது கொங்கணியின் ஒரு கிளைமொழி. அரபு, பாரசீகச் சொற்கள் நிறைந்தது. பாரசீக எழுத்தில் எழுதப்படுவது. அதற்கு நவாயத்தீ என்றே பெயர். இப்னு பதூதா கி.பி. 14ஆம் நூற்றாண்டில் அப்பகுதியிலுள்ள ஹொன்னாவருக்கு வந்தபோது, அவ்வூர் முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்றும், பெண்கள் குர்ஆனை மனனம் செய்தவர்கள் என்றும், பெண்பிள்ளைகளுக்கு 13 மக்தபுகளும் ஆண்பிள்ளைகளுக்கு 23 மக்தபுகளும் இருந்தன என்றும் எழுதி வைத்தார். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு துறைமுகத்தில் பெண்களுக்கென 13 ஓதும் பள்ளிகள்! நம் மஹல்லாவின் மக்தபுக் கணக்கை இதனருகே வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பட்கலில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனிக் குலப்பெயர் உண்டு. ஷாபந்திரி என்பது அவற்றுள் ஒன்று. பாரசீகத்தில் ஷாபந்தர் என்றால் துறைமுகத் தலைவர். பாட்டன் பார்த்த வேலை பேரனின் பெயராய் நின்றுவிட்டது. நம் மரைக்காயர், மாலுமியார் போன்றவையும் கடலோடு பிறந்த பெயர்களே அல்லவா? 1955ஆம் ஆண்டு விக்டர் டிசூசா என்ற ஆய்வாளர் கன்னட நாட்டு நவாயத்துகளைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார்.

அக்கரையிலிருந்து தக்காண அரசுகளில் உத்தியோகம் தேடிச் சென்ற குடும்பங்களுள் ஒன்றே முஹம்மது சயீத் என்னும் சாதத்துல்லாஹ் கானின் குடும்பம். அவர் முகலாயர் சார்பில் கர்நாடகத்தின் நவாபாக அமர்ந்து, ஆர்க்காட்டைத் தலைநகராக்கி, 1732இல் இறக்கும்வரை ஆண்டார். தெருக்கூத்திலும் பாடல்களிலும் நாம் கேட்ட தேசிங்கு ராஜன் கதையில் வரும் ஆர்க்காட்டு நவாப் இவரே. 1714இல் செஞ்சியில் தேசிங்கு வீழ்ந்தது இவருடைய படையோடு நடந்த போரில்தான். அக்கதையில் தேசிங்கின் உயிர்த்தோழனும் ஒரு முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் இளம் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை எழுந்தது என்று கூறுவர். கோவளம் அக்காலத்தில் இந்நவாபின் பெயரால் சாதத் பந்தர் என வழங்கப்பட்டது. பெல்ஜியத்து ஓஸ்டெண்டு கம்பெனியார் அங்குதான் பண்டகசாலை வைத்திருந்தனர். இவருடைய வரலாற்றைப் பாரசீகத்தில் "சயீத்நாமா" என்று எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்னும் இந்து முன்ஷி.

சாதத்துல்லாஹ் கானுக்கு ஆண் வாரிசு இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளையே பிள்ளைகளாய் வளர்த்தார். தோஸ்த் அலீ நவாபானார். பாகிர் அலீ வேலூர்க் கோட்டையைப் பெற்றார். அதன்பின் நடந்தவை கண்ணீரை வரவழைப்பவை. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு பொருது தோஸ்த் அலீ கொல்லப்பட்டார். அவர் மகன் ஸஃப்தர் அலீயை 1742இல் வேலூரில் வைத்துக் கொல்வித்தவர் பாகிர் அலீயின் மகன் முர்தஸா அலீ. ஸஃப்தர் அலீயின் சின்னஞ்சிறு மகன் 1744இல் ஆர்க்காட்டில் ஒரு திருமண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். தோஸ்த் அலீயின் மருமகன் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர் துணையோடு பட்டத்திற்குப் போராடி 1752இல் திருச்சிராப்பள்ளியில் மடிந்தார். வடக்கே கோபாமவூவிலிருந்து வந்த அன்வருத்தீன் குடும்பத்தாரிடம் ஆட்சி சென்றது. நம் ஆலம்பரையை 1750இல் முஸஃப்பர் ஜங் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். அவ்வாண்டு ஜனவரி 22ஆம் நாள் புகழ்பெற்ற போர் நடந்த வந்தவாசியின் கோட்டையும் அதற்குச் சில காலம் முன்புவரை இக்குடும்பத்தில் மணம் முடித்த தக்கி சாகிபின் கையில் இருந்ததுதான்.

ஆட்சி போயிற்று, கல்வி போகவில்லை. நான் மதரஸாவில் ஓதிய நாட்களில் உஸ்தாத் ஒருவர் குர்ஆனின் எழுத்திலக்கணம் பற்றிய "நஸ்ருல் மர்ஜான்" என்னும் பல பாகங்கள் கொண்ட அரபு நூலைக் காட்டி, அதன் ஆசிரியர் பெயரை வாசிக்கச் சொன்னார். முஹம்மது கவ்ஸ் அந்நாயிதீ அல்ஆர்காத்தீ! அரபுலகம் மதிக்கும் அந்நூலை எழுதியவர் நம் ஆர்க்காட்டார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாயிதீ என்றால் நவாயத் என்பது வெகு காலம் கழித்தே விளங்கியது. அவர் மகன் காஜி பத்ருத்தவ்லா சென்னையின் பெரும் ஆலிம். உர்தூவில் குர்ஆன் விரிவுரை எழுதத் தொடங்கியவர். வேலூரில் 1745இல் பிறந்து 1806இல் மறைந்த மவ்லானா பாகிர் ஆகாஹும் நவாயத்தே. அரபியிலும் பாரசீகத்திலும் பெரும் புலவராய் இருந்தும், பெண்களும் எளியவர்களும் படிக்கவேண்டும் என்பதற்காகத் தக்னியில் மார்க்க நூல்கள் எழுதினார். நம் காலத்தில் பாரிசில் வாழ்ந்து, 1959இல் குர்ஆனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டு, 2002இல் மறைந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் ஹைதராபாத்தில் குடியேறிய நவாயத் குடும்பத்தில் பிறந்தவர்.

இத்தகைய பெயர் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு அருகிற்று? முதற்காரணம், 1744க்குப் பின் ஜாகிர்களை இழந்த குடும்பங்கள் பல ஹைதராபாத்துக்கும் மைசூருக்கும் பெயர்ந்தன. இரண்டாவது, பெரிய மனிதராய் இருந்தபோதே அவர்கள் இப்பெயரைப் பெயரோடு ஒட்டி எழுதவில்லை. கான், சாகிப், அலீ என்ற பட்டங்களே முன்னின்றன. நவாயத் என்பது பிறர் கேட்டால் சொல்லும் அடையாளமாய் இருந்தது. பட்டம் போனபின் சொல்ல வேண்டிய அவசியமும் போயிற்று.

மூன்றாவது காரணம் நம் எல்லோருக்கும் பொதுவானது. தமிழ்நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாய் இடும் வழக்கம் பரவியபின், குடும்பப் பெயர் என்ற ஒன்றே பள்ளிச் சான்றிதழில் இல்லாது போயிற்று. வளைகுடாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று திகைத்து, தகப்பன் பெயரை எழுதுகின்றனர்; அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. மூன்று பேரன்மார் மூன்று குடும்பப் பெயரோடு துபாயில் இறங்கும் வேடிக்கை வேறெங்கும் உண்டா?

எத்தனை பேர் என்ற கேள்விக்கு அரசு ஏடுகளும் உதவா. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் நவாயத்துக்கு ஒரு குறிப்பு உண்டு. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 42 இலட்சத்திற்கும் சற்று அதிகம் என்று காட்டுகிறது. அதற்குள் உட்பிரிவுக் கணக்கு இல்லை. 2007இல் தனி இட ஒதுக்கீடு பெற்ற பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் பட்டியலில் அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகளே உள்ளன. நவாயத் அதில் இடம்பெறவில்லை. சான்றிதழில் பயன்படாத பெயரை எவர் நினைவில் வைப்பார்? வரவிருக்கும் கணக்கெடுப்பில் சாதிவாரியாகவும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்துள்ளது. அந்த ஏட்டில் எத்தனை பேர் இப்பெயரைச் சொல்வர் என்று பார்க்க எனக்கும் ஆவல் உண்டு.

நம் மஹல்லாக் கதைக்கு வருகிறேன். பெண்ணின் பெரிய தகப்பனாரை இரண்டு நாள் மஃரிபுக்குப்பின் அமர வைத்து மேற்கண்டவற்றில் பாதியைச் சொன்னேன். "ஷாஃபிஈயாச்சே, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். "அப்ப நவாப் வீட்டு சம்பந்தமா ஹஜ்ரத்?" என்று அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு, நோய் இன்னும் தீரவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நிக்காஹ் நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ்.

தஃப்தரில் எழுதும்போது மணமகன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்ற கட்டங்கள் மட்டுமே இருந்தன. வேறு கட்டம் இல்லை. மணமகனின் பாட்டனார் அருகில் அமர்ந்திருந்தார். "பெரியவரே, உங்கள் குடும்பப் பெயரை ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க ஹஜ்ரத். என் பையன் எழுதறதில்லை, பேரனுக்கு அது என்னன்னே தெரியாது" என்றார். எழுதினேன். எழுத்துக்கூட்டு சரிதானா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு, அவரும் சாட்சிகளுக்குக் கீழே கையெழுத்திட்டார்.