பதவியும் ஏடும்: இரு மரபுகளின் கல்வி

புதுச்சேரியின் ரங்கப்பிள்ளை தெரு வழியாக நாள்தோறும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மாணவர் பலர் செல்கின்றனர். அத்தெருவின் பெயருக்குரிய ஆனந்தரங்கப் பிள்ளையும் ஒரு காலத்தில் இந்நகரில் கல்வி கற்ற சிறுவரே. அவர் எத்தொழிலுக்குச் செல்வார் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது அவர் குடும்பம்.

1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்த அவர், மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். தந்தையின் மைத்துனரான நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார்; அவர் அழைப்பை ஏற்றே அக்குடும்பம் இங்கு வந்து குடியேறியது. துபாஷி என்னும் சொல்லுக்கு இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். ஆயினும் மொழிபெயர்ப்பு அவர் பணியில் ஒரு பகுதியே. ஏற்றுமதிக்குரிய துணிகளைக் கொள்முதல் செய்வித்தல், வணிகரோடு விலை பேசுதல், உள்ளூர் வழக்குகளை ஆளுநர்முன் எடுத்துரைத்தல், நவாபு முதலியோருக்கு ஓலை போக்குதல் யாவும் அவர் வழியாகவே நடந்தன.

உறவின் வழியே செல்வாக்கு வந்தது. துன்பமும் அவ்வழியே வந்தது. 1716இல் ஆளுநர் எபேர் நைனியப்ப பிள்ளையைச் சிறையிலிட்டார். அவ்வழக்கில் சாட்சிகள் தமிழில் கூறியவை வாய்மொழியாகப் போர்த்துக்கீசியத்தில் பெயர்க்கப்பட்டு, பிரெஞ்சில் எழுதப்பட்டன. பிரெஞ்சு அறியாத நைனியப்பர் தமக்கெதிராக எழுதப்பட்டதைத் தாமே படித்தறிய இயலவில்லை. 1717இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு நாடு வரை சென்று முறையிட்டார். தந்தையின் மீதிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. குருவப்பர் கிறித்துவ சமயம் தழுவி, செவாலியே பட்டத்துடன் மீண்டு, துபாஷியாகவும் பணியாற்றி, 1724இல் மறைந்தார்.

இவை நிகழ்ந்தபோது ஆனந்தரங்கர் சிறுவர். எம்பார் என்னும் ஆசிரியரிடம் அவர் கற்ற பாடத்தோடு, வீட்டில் கண்டும் கேட்டும் அறிந்த இப்பாடமும் சேர்ந்தது. பிறர் மொழியைக் கற்காதவன் பிறர் எழுதுவதற்கு ஆட்பட வேண்டும் என்பதை அக்குடும்பத்தினும் நன்கறிந்தோர் எவர் இருந்திருக்க இயலும்? 1726இல் தந்தை இறந்தபின் பரங்கிப்பேட்டைக் கிடங்கில் பணியேற்ற அவர், ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரியவராக உயர்ந்தார். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாகப் பேச்சுத் தமிழில் எழுதிவரலானார். நைனியப்பரின் கதியே அவ்வெழுத்துப் பழக்கத்திற்கு ஒரு தூண்டுதலாயிற்று என்று கருத இடமுண்டு.

1747இல் துய்ப்ளேயின் ஆட்சியில் மாமன் வகித்த பதவி மருமகனைச் சேர்ந்தது. ஆயினும் துய்ப்ளே 1754இல் திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கரும் பதவி இழந்தார். 1761 ஜனவரி 12 அன்று அவர் உயிர் நீத்தார். நான்காம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. எந்தப் பதவியைக் கருதி ஒரு குடும்பம் இரு தலைமுறைகளாகப் பிள்ளைகளைப் பழக்கியதோ, அப்பதவிக்கு ஆதாரமான அரசே அன்று வீழ்ந்தது. எழுதும் பழக்கம் மட்டும் வீழவில்லை. உடன்பிறந்தார் மகனான ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை நாட்குறிப்பைத் தொடர்ந்தார். 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆனந்தரங்கரின் குறிப்புகளை வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை அவை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. கொடுக்கல் வாங்கலும் ஊர்ச் செய்தியும் குறித்த வீட்டு ஏடு, இன்று தென்னிந்திய வரலாற்றுக்குத் தலையாய சான்று.

புதுவைக்கு மேற்கே, சங்கராபரணி பாயும் வீடூர் முதலாகத் திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இத்தகைய பதவி மரபு இல்லை. பெரும்பாலோர் உழவர். அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றது நிலமும் ஏடுமே. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூலையும் தானமாகக் கொண்ட சமயம் நம்முடையது. ஆதலின் சுவடியைப் படியெடுத்து வழங்குவதும், இல்லத்தில் கூடிப் படிப்பதும் அறச்செயலாகவே கருதப்பட்டன. படிப்பினால் உத்தியோகம் கிட்டுமா என்ற வினா அங்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

இவ்வீட்டுப் படிப்பின் ஆழம் 1880இல் கும்பகோணத்தில் வெளிப்பட்டது. அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்தார். சமணக் கோட்பாடுகள் புலப்படாமல் அவ்வூர்ச் சமணர் இல்லத்தை நாடியபோது, அங்கே தோரணம் கட்டியிருந்தது. திருமணமோ என ஐயுற்றவருக்குக் கிடைத்த விடை, பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் படிப்பு அன்று நிறைவெய்தியது என்பதாம். சந்திரநாத செட்டியார் முதலானோர் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். கல்லூரித் தமிழாசிரியருக்கே விளங்காத ஒரு காப்பியத்தை வணிகத்தில் ஈடுபட்ட குடும்பத்தார் உரையோடு அறிந்திருந்தனர்! 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

அதே 1880இல் தமிழ்ச் சமணக் குடியொன்றில் பிறந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். ஆங்கிலக் கல்வி பெற்று, மேலைத் தத்துவம் பயின்று, இந்தியக் கல்விப் பணியில் உயர்ந்த அவர், அக்காலப் பட்டதாரிகள் பலரைப் போல வீட்டு ஏட்டை விட்டுவிலகியிருக்கலாம். அவரோ கல்லூரியில் கற்ற தருக்கத்தைக் கொண்டே குந்தகுந்தரை அணுகினார். 1920இல் பஞ்சாஸ்திகாயசாரத்தை ஆங்கில உரையோடு வெளியிட்டார். 1923இல் மேருமந்தர புராணத்தையும், 1936இல் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் நீலகேசியையும் பதிப்பித்தார். நீலகேசி முழுவதும் சமய வாதம்; இந்தியத் தருக்கமும் தமிழ் யாப்பும் ஒருங்கே அறிந்தவர்க்கன்றி அதன் பதிப்பு எளிதன்று. தமிழ்ச் சமண இலக்கியம் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. சமயசாரம் 1950இல் அச்சானபோது அவருக்கு அகவை 70.

சிந்தாமணிக்குப் பொருள் தேடிச் சாமிநாதையர் சமணர் இல்லம் நாடியபோது பணியாற்றிய அக்கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் பின்னாளில் முதல்வராக அமர்ந்தவரும் சக்கரவர்த்தி நயினாரே.