நாயகனைப் பறிகொடுத்த வாசகர்கள்

1

தான் நேசித்த நாவலின் அடுத்த பாகத்தைப் படித்துவிட்டு வாசகன் கோபம் கொள்வது புதிய விஷயம் அல்ல. தொடர்கதை என்ற ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து அது இருந்துவருகிறது. விமர்சகர்கள் அந்தக் கோபத்தைப் பொருட்படுத்துவதில்லை. கேட்ட பண்டம் கிடைக்காத குழந்தையின் அழுகைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது நம் எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணிவந்தேன். ஆனால் 1969ல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன் மெஸையா’ வெளிவந்தபோது அதன் ரசிகர்களிடையே எழுந்த கசப்பை அவ்வாறு தள்ளிவிட முடியவில்லை. அந்தக் கசப்பு நாவலுக்கு வெளியே நிற்கிற ஒன்று அல்ல. நாவல் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதற்கான நிரூபணமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. இதைச் சொல்ல எனக்குள்ள ஒரே தகுதி, அந்தக் கசப்பை நானும் பட்டிருக்கிறேன் என்பது.

விஞ்ஞானக் கதைக்கு இலக்கியத்தில் இடம் உண்டா என்ற விவாதத்துக்குள் இப்போது போக விரும்பவில்லை. முதலில் வரலாறு.

ஹெர்பர்ட் பத்திரிகைக்காரர். 1957ல் ஆரிகன் மாநிலத்தில் ஃப்ளாரன்ஸ் என்ற கடற்கரை ஊருக்கு, நகர்ந்து வரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்தும் அரசாங்க முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனார். கட்டுரை அச்சேறவில்லை. மணல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. பாலைவனம், பாலைவனத்தில் பிறக்கும் மதங்கள், மீட்பனுக்காகக் காத்திருக்கும் ஜனங்கள் என்று வருஷக்கணக்கில் படித்தார். இதற்கு முன்பே, 1954ல், ஆரிகனைச் சேர்ந்த குடியரசுக் கட்சி செனட்டர் கை கார்டனுக்குப் பேச்சு எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்திருக்கிறார். தலைவன் என்ற பிம்பம் சமைக்கப்படுவதை அடுக்களையிலிருந்து பார்த்தவர் என்று சொல்லலாம்.

‘ட்யூன்’ முதலில் ‘அனலாக்’ பத்திரிகையில் இரண்டு தொடர்களாக வந்தது. 1963 டிசம்பரிலிருந்து 1964 பிப்ரவரி வரை ஒன்று. 1965 ஜனவரியிலிருந்து மே வரை மற்றொன்று. பதிப்பகங்கள் பல மறுத்தபின் 1965ல் அதைப் புத்தகமாக்கியது, மோட்டார் கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம். எழுத்தாளர்கள் தங்களுக்குள் வாக்களித்துக் கொடுக்கும் நெபுலா விருது, அது ஏற்படுத்தப்பட்ட முதல் வருஷத்திலேயே இந்நாவலுக்குக் கிடைத்தது. ரசிகர்கள் தங்கள் மாநாட்டில் வாக்களித்துக் கொடுக்கும் ஹ்யூகோ விருதை 1966ல் ரோஜர் ஸெலாஸ்னியின் நாவலோடு பகிர்ந்துகொண்டது. எழுத்தாளர்களும் ரசிகர்களும் அன்று ஒரே பக்கம் நின்றார்கள்.

கதை எல்லோரும் அறிந்த பழைய கதைதான். அராக்கிஸ் என்ற வறண்ட கிரகம். விண்வெளிப் பயணத்துக்கு இன்றியமையாத ஒரு வாசனைச்சரக்கு அங்கு மட்டுமே கிடைக்கிறது. தகப்பனைத் துரோகத்துக்குப் பலிகொடுத்த பதினைந்து வயதுப் பிரபுகுமாரன் பால், தாயோடு பாலைவனத்துக்குத் தப்பி ஓடுகிறான். அங்கே ஃப்ரெமென் என்ற ஜனங்கள் ஒரு ரட்சகனுக்காகக் காத்திருக்கிறார்கள். பால் அந்த ரட்சகன் ஆகிறான்; சக்கரவர்த்தியைப் பணியவைக்கிறான்.

ஆனால் நாவலின் விஷம் ஒரு சிறு தகவலில் இருக்கிறது. ஃப்ரெமென் நம்பும் தீர்க்கதரிசனம் பொய். தங்களில் எவராவது அங்கே சிக்கிக்கொண்டால் உதவும் என்று, பாலின் தாய் சார்ந்த பெண்கள் மடம் தலைமுறைகளுக்கு முன்பே திட்டமிட்டு விதைத்துவிட்டுப் போனது அது. ஆசிரியர் இதை ஒளிக்கவில்லை, தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தெரிந்துகொண்ட பிறகும் வாசகன் அந்தத் தீர்க்கதரிசனம் பலிக்க வேண்டும் என்று பக்கங்களைப் புரட்டுகிறான்.

2

‘அனலாக்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. காம்ப்பெல். 1937லிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர். பத்திரிகைக்கு அப்போது வேறு பெயர். வாசகர் ருசி எது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கதைகளை வரிசைப்படுத்தி வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்த மதிப்பெண்கள் பத்திரிகையிலேயே அச்சாகும். முன்னணியில் வந்த கதைக்குக் கூடுதல் சன்மானம் உண்டு. இலக்கிய ருசியைப் பேரேட்டில் வரவு வைத்த மனிதர் என்று, வங்கி குமாஸ்தாவான நான் சற்றுப் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

1963ல் ‘ட்யூன்’ கைப்பிரதியைப் படித்துவிட்டு, பதினைந்து வயது அதிமானுடன் ஒருவனுக்குத் தகப்பனாகிவிட்டீர்கள் என்று ஹெர்பர்ட்டை வாழ்த்தினார் காம்ப்பெல். எதிர்காலம் தெரிந்த ஒருவனை வைத்துக்கொண்டு எப்படிக் கதை நகர்த்துவது என்பதுதான் அவருடைய கவலை. அதாவது அந்த நாவலில் அவர் கண்டது அதிமானுடனை. அதிமானுடன் பற்றிய எச்சரிக்கையை அல்ல. ஆசிரியருக்கு அடுத்தபடியாக அதை முதலில் படித்தவர்களில் ஒருவரின் வாசிப்பு இது.

ஐந்து வருஷம் கழித்து ‘ட்யூன் மெஸையா’ அவரிடம் வந்தபோது மறுத்துவிட்டார். பின்னாளில் வெளியான கடிதங்களிலிருந்து காரணம் தெரிகிறது. பால் இப்போது விதியின் கையில் அகப்பட்ட பொம்மையாக இருக்கிறான். விஞ்ஞானக் கதை வாசகர்கள் வீரர்களைக் கேட்கிறவர்கள். வீழ்கிறவனை அவர்கள் ஏற்கமாட்டார்கள். நாவல் போட்டிப் பத்திரிகையான ‘காலக்ஸி’யில் 1969 ஜூலையிலிருந்து நவம்பர் வரை தொடராக வந்தது. அதே ஆண்டு பட்னம் நிறுவனம் புத்தகமாகப் போட்டது.

வாசகர்கள் கையில் கிடைத்தது இதுதான். பன்னிரண்டு வருஷங்கள் கடந்துவிட்டன. பால் சக்கரவர்த்தி, கடவுள். அவன் பெயரால் ஃப்ரெமென் படைகள் கிரகம் கிரகமாகப் புனிதப்போர் நடத்தி முடித்திருக்கின்றன. அதை நிறுத்த அவனால் முடியவில்லை. சதிகாரர்கள் அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஓர் ஆயுதத்தின் ஒளியில் பால் கண்ணிழக்கிறான். அவனுடைய சானி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். குருடரைப் பாலைவனத்துக்கு விட்டுவிடும் ஃப்ரெமென் வழக்கத்துக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டு, அவன் தனியே மணலுக்குள் நடந்து போகிறான்.

ரசிகர்கள் பிளவுபட்டார்கள். முதல் நாவலின் விஸ்தாரம் எங்கே, மணற்புழுக்கள் எங்கே, யுத்தம் எங்கே என்று ஏமாந்தவர்கள் ஒரு பக்கம். முதல் நாவல் தொடங்கிய வாக்கியத்தை இதுதான் முடித்துவைக்கிறது என்று கண்டுகொண்டவர்கள் மறுபக்கம். இவர்கள் தொகை குறைவு. 1970ல் ஹ்யூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலில் ‘ட்யூன் மெஸையா’ இடம்பெறவில்லை.

அந்தப் பட்டியலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விருது பெற்றது உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’. அதோடு போட்டியில் இருந்தவற்றில் ஒன்று கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’. வானகட்டின் பில்லி பில்க்ரிம் எவ்விதத்திலும் வீரன் அல்ல. காம்ப்பெல் சொன்ன பொருளில் விதியின் கையில் அகப்பட்ட பொம்மைதான். அவனை அதே ரசிகர்கள் இறுதிப் பட்டியல்வரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே காம்ப்பெலின் கணக்கு பாதிதான் சரி. வீரனல்லாத ஒருவனை வாசகர்கள் ஏற்கத் தயாராகவே இருந்தார்கள். தாங்கள் ஏற்கெனவே வீரனாக வரித்துக்கொண்டவனைத் திருப்பிக் கேட்டபோதுதான் கொடுக்க மறுத்தார்கள். இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, உடைமை சம்பந்தப்பட்டது.

3

என் விஷயத்துக்கு வருகிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்த வருஷங்களில் பழைய புத்தகக் கடையில் ‘ட்யூன்’ கிடைத்தது. பாடத்திட்டத்தில் இருந்த எந்த நாவலையும் அந்த வேகத்தில் படித்ததில்லை. இரண்டு வருஷத்தில் மூன்று முறை படித்தேன். ‘ட்யூன் மெஸையா’ அதற்குப் பிறகு கிடைத்தது. படித்து முடித்ததும் ஆசிரியர் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுவிட்டார் என்று உணர்ந்தேன். அந்த வார்த்தையை இப்போது கவனிக்கிறேன்: எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதில் ஓர் இடத்தில் பால் தன் கணக்கைத் தானே சொல்கிறான். செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் எண்ணிக்கையோடு நினைவுகூர்ந்துவிட்டு, தன்னால் செத்தவர்கள் குறைந்தபட்சம் 6,100 கோடிப் பேர் என்கிறான். உயிர் அற்றுப்போன கிரகங்கள் 90. இல்லாமல் போன மதங்கள் 40. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் கை நடுங்கவில்லை. இன்று தினமும் கோடிகளை எழுதிக் கூட்டிச் சரிபார்க்கும் வேலையில் இருந்துகொண்டு அதை மீண்டும் படிக்கிறேன், இன்றும் நடுங்கவில்லை. அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, கண்ணிழந்த பால் நிற்கும் இடத்தில் தொண்டை அடைக்கிறது. ஒருவன் கண்ணுக்காகக் கலங்குகிற நான் 6,100 கோடிப் பேரைத் தாண்டிப் போய்விடுகிறேன். ரட்சகர்களைப் பற்றி ஹெர்பர்ட் சொல்ல வந்தது இதுதான் என்றால், அதற்கு உதாரணம் பால் அல்ல, நான்.

ஆனால் குற்றம் முழுவதும் வாசகனுடையது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். படைப்பாளிக்கும் அதில் பங்கு உண்டு. ஏமாந்த ரசிகர்களின் புகாரில் ஒன்று நியாயமானது. பன்னிரண்டு வருஷத்துப் புனிதப்போர் நாவலுக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. எரிந்த ஓர் ஊரை நாம் பார்ப்பதில்லை. செத்தவர்களில் ஒருவனுக்குக்கூடப் பெயர் இல்லை. வீரனின் எழுச்சியை ஒரு பெரிய நாவல் முழுக்க நம் நரம்புகளில் ஏற்றிவிட்டு, அதன் விலையை ஓர் உரையாடலில், ஒரு தொகையாகச் சொன்னால், எந்தத் தட்டு தாழும்? எச்சரிக்கை கருத்தாக நிற்கிறது. கவர்ச்சிதான் அனுபவமாக இருக்கிறது. கருத்து அனுபவத்தை வென்றதாக நான் எந்த நாவலிலும் கண்டதில்லை.

ஹெர்பர்ட் 1980ல் எழுதிய ஒரு கட்டுரையில், முதல் மூன்று நாவல்களும் ஒரே திட்டம் என்றும், ‘ட்யூன்’ முடியும் முன்பே மற்ற இரண்டின் பகுதிகளை எழுதியிருந்ததாகவும், அதிமானுடர்கள் மனித குலத்துக்குக் கேடு என்பதே தன் பொருள் என்றும் சொல்கிறார். நம்பலாம். ஆனால் ஆசிரியரின் உத்தேசம் பிரதிக்கு ஜாமீன் ஆகாது. பிரதியைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். ‘ட்யூன்’ நாவலின் நடுவில் லீயட் கைன்ஸ் என்ற விஞ்ஞானி தண்ணீரில்லாமல் பாலைவனத்தில் விடப்பட்டுச் சாகிறான். சாகும் மயக்கத்தில் செத்துப்போன தகப்பனின் குரல் கேட்கிறது. ஒரு ஜனத்துக்கு நேரக்கூடிய மிகப் பெரிய கேடு ஒரு வீரனின் கையில் சிக்குவதுதான் என்று அந்தக் குரல் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. மூன்று முறை படித்தும் அது என் நினைவில் இல்லை. என் பிரதியில் அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் கல்லூரி நாட்களின் கையெழுத்தில் பென்சில் குறிப்பு இருக்கிறது: ‘கதை நிற்கிறது. தேவையில்லை.’

4

பின்கதை சுருக்கமானது. காம்ப்பெல் 1971ல் காலமானார். மூன்றாவது நாவலான ‘சில்ட்ரன் ஆஃப் ட்யூன்’ 1976ல் மீண்டும் ‘அனலாக்’கிலேயே, பென் போவா ஆசிரியராக இருந்தபோது தொடராக வந்தது; புத்தகமாகப் பெரும் விற்பனை கண்டது; 1977ல் ஹ்யூகோ இறுதிப் பட்டியலிலும் ஏறியது. ரசிகர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஏன் என்பது கடினமான கேள்வி அல்ல. அதில் பாலின் மகன் லீடோ இருக்கிறான். புதிய வீரன் கிடைத்துவிட்டான். 1981ல் நான்காவது நாவலில் அதே லீடோவை 3,500 வருஷம் ஆளும் கொடுங்கோலனாக, பாதி மனிதன் பாதிப் புழுவாக ஹெர்பர்ட் காட்டியபோது பழைய முணுமுணுப்பு திரும்ப எழுந்தது. ஆறு நாவல்களோடு 1986ல் அவர் இறந்தார். கொடுப்பதும் பறிப்பதுமாக அவர் நடத்திய இந்த வழக்கு முடியாமலே நின்றுவிட்டது.

2021லும் 2024லும் முதல் நாவலை இரண்டு படங்களாக எடுத்த டெனி வில்நேவ் இந்த வரலாற்றை அறிந்தவர். வாசகர்கள் பாலைக் கொண்டாடியது ஹெர்பர்ட்டை வருத்தியது, அதனாலேயே இரண்டாவது நாவலை எழுதினார் என்று எடுத்துச் சொல்லி, அதற்காகவே தன் படத்தில் சானியை மாற்றியதாகவும் கூறியிருக்கிறார். நாவலின் முடிவில் பாலின் பக்கத்திலேயே நிற்கும் சானி, படத்தில் எல்லோரும் மண்டியிடும்போது மண்டியிடாமல் வெளியேறித் தனியே பாலைக்குப் போகிறாள். ஹெர்பர்ட் ஒரு குரலாக, ஒரு தொகையாகச் சொன்னதை வில்நேவ் ஒரு முகமாக ஆக்கினார். 1969ன் கசப்புக்கு, நான் அறிந்தவரை, கலைரீதியான சரியான பதில் இதுதான். அப்போதும் அரங்கில் நான் பாலின் பக்கம்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் மொழியில் ‘ரசிகன்’ என்ற சொல் நுண்ணிய வாசகனையும் குறிக்கிறது, கொடி பிடிப்பவனையும் குறிக்கிறது. முதலாமவன் நாம், இரண்டாமவன் வேறு யாரோ என்று எழுதியும் பேசியும் வருகிறோம். 1969ன் வாசகர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பென்சில் குறிப்பை அழிக்க ரப்பரைக்கூட எடுத்தேன். பிறகு, அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.